விற்ற பொருளுக்கு வாடகையா?

ரொக்கம் கொடுத்து ஓவர்லாக் மெஷின் வாங்கி, பவர் டேபிள் போட்டுப் பிழைக்கும் ஒருவரிடம், இரண்டு வருடம் கழித்து மெஷின் கம்பெனி ஆள் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "இனி நாங்கள் மெஷின் விற்பதில்லை, வாடகைக்குத்தான் விடுகிறோம். நீங்களும் மாதா மாதம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நாளை முதல் ஊசி இறங்காது" என்று அவர் சொன்னால், வேலம்பாளையத்திலும் பெருமாநல்லூரிலும் தெருவே திரண்டு நியாயம் கேட்காதா?

மெஷின் விஷயத்தில் செய்யத் துணியாத இந்த அக்கிரமத்தைக் கைப்பேசிச் செயலிகள் விஷயத்தில் கம்பெனிகள் கூசாமல் செய்கின்றன. ஒரே தடவை விலை என்று சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். பிறகு ஒரு நாள் 'அப்டேட்' வருகிறது. செயலி இப்போது எல்லோருக்கும் இலவசம் என்று தம்பட்டம் அடிக்கிறார்கள். உள்ளே போனால், நேற்றுவரை திறந்திருந்த கதவுகளுக்கெல்லாம் பூட்டு! சாவி வேண்டுமானால் செயலிக்குள்ளேயே மறுபடியும் பணம் கட்ட வேண்டும். அதுவும் மாதச் சந்தா, வருடச் சந்தா. ஏற்கெனவே விலை கொடுத்தவருக்கும் புதிதாக வந்தவருக்கும் வித்தியாசமில்லை.

"இது வசதியுள்ளவர்களின் விவகாரம், திருப்பூர் உழைப்பாளிக்கு இதில் என்ன?" என்று சிலர் கேட்கலாம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, பதிவு பெற்ற சின்ன ஜாப் ஒர்க் பட்டறையும் கணினி வழியே கணக்குத் தாக்கல் செய்ய நிர்ப்பந்திக்கப்பட்டது. நிட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன் என்று பத்து இருபது பேரோடு நடக்கும் பட்டறைகளில் பில்லும், டெலிவரி சலானும், பீஸ் ரேட் கணக்கும் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டன. மூன்று வருடக் கணக்கு உள்ளே கிடக்கும்போது அந்தச் செயலியைப் பூட்டுவது, கல்லாப்பெட்டியையே பூட்டுவதற்குச் சமம். பட்டறைக்காரர் தலையில் ஏறும் புதுச் செலவு கடைசியில் யார் தலையில் இறங்கும் என்பதை டெய்லர்களும் செக்கிங் பெண்களும் நன்றாக அறிவார்கள்.

கம்பெனிகள் சொல்லும் முதல் சமாதானம்: "செயலியைப் பராமரிக்கச் செலவு ஆகிறது." உண்மைதான். அதை எழுதுகிறவர்களும் கூலிக்கு உழைப்பவர்களே. அவர்களுக்குச் சம்பளம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. புதிய வசதி செய்தால் அதற்கு விலை வையுங்கள், வேண்டியவர் வாங்கட்டும். ஆனால் பழைய வசதியைப் பறித்து, அதையே திரும்ப விற்பதற்குப் பராமரிப்பு என்றா பெயர்?

இரண்டாவது சமாதானம் இன்னும் விசித்திரமானது: "நீங்கள் வாங்கியது பொருள் அல்ல, பயன்படுத்தும் அனுமதி மட்டுமே." அப்படியானால் பணம் கட்டும் இடத்தில் 'வாங்கு' என்று எழுதியது ஏன்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமே இந்தப் பித்தலாட்டத்தைப் பொறுக்காமல், அனுமதியைத்தான் விற்கிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் போடக் கூடாது என்று சட்டம் செய்து, 2025 ஜனவரி 1 முதல் அமலாக்கியிருக்கிறது.

எதிர்த்தால் பலன் உண்டா? உண்டு. நோட்டபிலிட்டி என்ற குறிப்பெழுதும் செயலி 2021 நவம்பர் தொடக்கத்தில் சந்தா முறைக்கு மாறியது. முன்பே விலை கொடுத்தவர்களுக்கு ஒரு வருடம்தான் தவணை, பிறகு அவர்களும் சந்தா கட்ட வேண்டும் என்றது. ஆப்பிள் கம்பெனியின் விதியே, சந்தாவுக்கு மாறும் செயலி, ஏற்கெனவே பணம் கொடுத்தவர்களிடமிருந்து முக்கிய வசதிகளைப் பறிக்கக் கூடாது என்கிறது. பயனாளர்கள் கொதித்தெழுந்தார்கள். ஓரிரு நாட்களில் கம்பெனி பணிந்தது. பழைய வாடிக்கையாளர்களுக்குப் பழைய வசதிகள் நிரந்தரம் என்று அறிவித்தது. நேற்று முடியாதென்றது இன்று முடிந்தது எப்படி? கூட்டுக் குரலால்தான்!

இந்திய சர்க்கார் 2023 நவம்பர் 30-ல் நுகர்வோரை ஏய்க்கும் 13 வகைத் தந்திரங்களைத் தடை செய்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சந்தாவில் சிக்கவைத்து வெளியே விடாமலிருப்பதும், ஒன்றைக் காட்டி வேறொன்றைத் தலையில் கட்டுவதும் அந்தப் பட்டியலில் உள்ளன. ஆனால், விற்றதைத் திரும்பப் பூட்டக் கூடாது என்று நேரடியாக ஒரு வரி அதில் இல்லை. அந்த ஓட்டையில்தான் கம்பெனிகள் புகுந்து விளையாடுகின்றன.

பஞ்சப்படிக்காக 1984-ல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த திருப்பூருக்கு, ஒப்பந்தம் என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தொழிலாளியின் வேலை நிபந்தனையை மாற்ற வேண்டுமானால் முதலாளி 21 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும் என்று 1947-ம் வருடத்துத் தொழில் தகராறு சட்டம் கூறியது. ஒரு தரப்பு தன் இஷ்டத்துக்கு ஒப்பந்தத்தை மாற்ற முடியாது என்ற இந்தச் சாதாரண நியாயம் செயலிக் கம்பெனிகளுக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

நமது கோரிக்கைகள் எளியவை. விலை கொடுத்தவர் வாங்கிய வசதிகள் மேற்கொண்டு காசில்லாமல் அவருக்கே நீடிக்க வேண்டும். மாற்றம் வருமானால் முன்கூட்டியே, தமிழில் நோட்டீஸ் தர வேண்டும். பட்டறையின் கணக்கு பட்டறையின் சொத்து. சந்தா கட்டினாலும் கட்டாவிட்டாலும் அதை முழுதாக வெளியே எடுக்க வழி வேண்டும். இவை மூன்றையும் சர்க்கார் விதியாக்க வேண்டும்.

பணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். ஜாப் ஒர்க் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இதைத் தனி மனிதர் தகராறாக விட்டுவிடாமல் கையில் எடுக்கட்டும். தனித்தனியாகக் கேட்டால் கம்பெனி காதில் விழாது. காதர்பேட்டை முதல் அவிநாசி வரை ஒன்றாகக் கேட்டால் விழுந்தே தீரும்!