எந்த டீக்கடையில் அறிவியல் பேசுவது?

1998இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டங்கன் டல்லஸ் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் புது வகைக் கூட்டம் ஒன்றைத் தொடங்கினார். கஃபேயில் ஒரு விஞ்ஞானி கொஞ்ச நேரம் பேசுவார். மிச்ச நேரம் வந்தவர்கள் கேள்வி கேட்பார்கள். மேடை கிடையாது. 2009இல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இதே பாணியில் 'சாய் அண்ட் ஒய்' நிகழ்ச்சியைப் பிருத்வி தியேட்டரில் ஆரம்பித்தது. சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் மியூசிக் அகாடமியில் 'சயின்ஸ் அட் தி சபா' நடத்துகிறது.

நல்ல முயற்சிகள்தான். ஆனால் இடங்களைக் கவனியுங்கள். ஜுஹுவின் நாடக அரங்குக்கும் சங்கீத சபாவுக்கும் யார் வேண்டுமானாலும் வரலாம் என்றாலும், யார் வருவார்கள் என்பது நமக்குத் தெரியும். 'டீ குடித்துக்கொண்டே பேசலாம்' என்பதும் இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர்களில் அத்தனை எளிய அழைப்பு அல்ல.

இதில் உயிர்ப் பிரச்சினை இருக்கிறது. மலக்குழியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டைபோல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கும் நொடிதான் ஆகக் கொடிய நொடி. பல்கலைக்கழக வேதியியல் துறையில் இது சாதாரணப் பாடம். அந்தப் பாடம் தூய்மைப் பணியாளர்களின் தெருவுக்கு ஏன் வந்து சேரவில்லை?

'அவர்கள் அறியாமையாலா இறங்குகிறார்கள்? சாதியும் வறுமையும் ஒப்பந்தக்காரரும் அல்லவா இறக்குகிறார்கள்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாதுகாப்பு இல்லாமல் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகும் சாவு நிற்கவில்லை. ஓர் உரையாடலால் மட்டும் நின்றுவிடாது. ஆனால் 'மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கு' என்பவரிடம் மறுத்துப் பேசவும், சாவை 'விபத்து' என்று எழுதும் அதிகாரியைக் கேள்வி கேட்கவும் அந்த அறிவு ஆயுதமாகும். பேராசிரியருக்கும் பாடம் உண்டு. அடியில் கிடக்கும் கசடைக் கிளறியதும் என்ன நடக்கும் என்பதை, உள்ளே இறங்கி உயிரோடு திரும்பியவர் சொல்லிக் கேட்க வேண்டும். மனிதர் இறங்கத் தேவையில்லாத இயந்திரத்தை வடிவமைப்பவருக்கு அந்த அனுபவம் ஆய்வுத் தரவு.

அறிவியலைத் தெருவுக்குக் கொண்டுவருவது நமக்குப் புதிதல்ல. 'குடிஅரசு' இதழில் சிங்காரவேலர் எளிய மக்களுக்காகத் தமிழில் அறிவியல் எழுதினார். சுயமரியாதை இயக்கம் கடவுளையும் சாதியையும் தெருமுனையில் நின்று கேள்வி கேட்டது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அறிவொளிக் காலத்தில் கிராமம் கிராமமாகப் போனது. பல்கலைக்கழகங்கள்தான் தெருவை மறந்துவிட்டன.

காரணம் அவற்றின் உள்ளேயே இருக்கிறது. கல்கத்தா மாநிலக் கல்லூரி விடுதியில் மேக்நாத் சாஹாவைச் சக மாணவர்கள் தங்களோடு உட்கார்ந்து சாப்பிட விடவில்லை. கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக விரும்பிய ரோஹித் வெமுலாவை 2016இல் இழந்தோம். முன்னணி ஐஐடிகளிலும் இந்திய அறிவியல் கழகத்திலும் பேராசிரியர்களில் தலித்துகளும் பழங்குடியினரும் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை என்று 2023இல் 'நேச்சர்' இதழ் எழுதியது. சேரியிலிருந்து பேராசிரியர் வராத வரை, சேரிக்குப் பேராசிரியர் வருவதும் அபூர்வமாகவே இருக்கும்.

எனவே சில கோரிக்கைகள். கூட்டம் அம்பேத்கர் படிப்பகத்திலும் இரவுப் பள்ளியிலும் தொழிற்சங்க அலுவலகத்திலும் நடக்கட்டும். பேச்சு தமிழில் இருக்கட்டும். தலைப்பை மக்கள் முடிவு செய்யட்டும்: குடிநீர், மலக்குழி, சாயக்கழிவு, பூச்சிமருந்து. வந்த விஞ்ஞானி பதில் தெரியாத கேள்விகளைக் குறித்துக்கொண்டு போய், மறுபடியும் வரட்டும். இதைத் தொண்டாக அல்லாமல் ஆசிரியரின் பணியாகவே பல்கலைக்கழகம் கணக்கில் எடுக்கட்டும்.

தோழர்களே, உங்கள் ஊரில் முதல் கூட்டத்தை நீங்களே தொடங்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பேராசிரியர் வரும்போது அவருக்கென்று தனி டம்ளர் எடுத்து வைக்காதீர்கள்.