வயோதிகர் விடுதிகளில் கட்டில் விபத்துக்கள்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வயோதிகர் விடுதிகள் பெருகிவருகின்றன. பிள்ளைகள் கடல் கடந்து உத்தியோகம் பார்க்க, எழுந்து நடமாட இயலாத பெற்றோர் மாதக் கட்டணம் செலுத்தி இவற்றில் வசிக்கிறார்கள். இதற்காகப் பிள்ளைகளைத் தூஷிப்பது சிலருக்கு வாடிக்கை. நமக்கு அதில் சிரத்தையில்லை. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதானவர்கள். ஆகவே விடுதிகள் இருக்கத்தான் வேண்டும். அவை எவ்விதம் நடக்கின்றன என்பதே கேள்வி.

"கிழவர் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார்" என்று விடுதியிலிருந்து செய்தி வருகிறது. தொடையெலும்பு முறிந்திருக்கும். தலைவிதி என்று குடும்பத்தார் வாளாவிருந்துவிடுகிறார்கள். ஆனால், பக்கவாதத்தால் அசைவற்றுக் கிடப்பவர் தாமாகப் புரண்டு விழுவது எங்ஙனம்? விடியற்காலையில் துணி மாற்ற ஒரே ஒரு பணிப்பெண் வருகிறாள். தன் இடுப்பு நோகாதிருக்கக் கட்டிலை உயர்த்துகிறாள். நோயாளியைத் தனக்கு அப்பால், எதிர் ஓரத்தை நோக்கிப் புரட்டுகிறாள். அப்புறத்துக் கம்பித் தடுப்பு இறக்கியபடியே இருக்கிறது. காற்றடைத்த மெத்தையின் ஓரம் அவர் பாரத்தால் அமுங்குகிறது. அவளுடைய ஒரு கை விரிப்பைத் தேடுகிறது. மறுகணம் அவர் தரையில்! இவர் விழவில்லை, உருட்டிவிடப்பட்டார் என்பதே உண்மை.

அப்பெண்ணைக் குற்றவாளியாக்க நாம் இதை எழுதவில்லை. இருவர் செய்யவேண்டிய வேலையை ஒருத்தியிடம் சுமத்தி, பன்னிரண்டு மணி நேரம் நிற்கவைத்து, போதிய பயிற்சியும் அளிக்காதவர்களே குற்றவாளிகள்.

பரிகாரம் யாதெனில், கனத்த சரீரமுள்ளவரையும் அசைவற்றவரையும் புரட்டும்போது கட்டிலின் இரு புறமும் ஆள் நிற்கவேண்டும். தனியாக ஒருவர் புரட்ட நேரின், தம்மை நோக்கியே புரட்டவேண்டும். வேண்டிய துணிகளை முன்கூட்டியே கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, சக்கரங்களைப் பூட்டி, வேலை முடிந்ததும் கட்டிலைத் தாழ்த்திவிட்டே அப்பால் நகரவேண்டும். இவற்றில் எதற்கும் சீமை யந்திரம் தேவையில்லை. ஆள் இரட்டித்தால் கட்டணமும் இரட்டிக்குமென்று விடுதிக்காரர்கள் சொல்லக்கூடும். இது வீண் வாதம். இரவு முழுவதும் ஒவ்வொரு கட்டிலுக்கும் இருவர் வேண்டுமென்று யார் கேட்டார்கள்? புரட்டுகின்ற அந்தப் பத்து நிமிஷத்துக்கு இருவர் ஜோடியாகச் சுற்றி வந்தால் போதும்.

விழாதிருக்கக் கட்டிலோடு கைகளைக் கட்டிவைக்கும் விடுதிகளும் உண்டு. தேசத்தின் விலங்கை முறித்தோம் என்று மார்தட்டும் நாம், பெற்றோரின் கையில் துணி விலங்கு பூட்டச் சம்மதிக்கலாமா?

விழுந்தபின் செய்யும் வைத்தியத்தில் சென்னை பின்தங்கியதல்ல. வயோதிகருக்கெனத் தனிப் பிரிவை 1978-இலேயே டாக்டர் வி. எஸ். நடராஜன் அரசாங்கப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். 2024 பிப்ரவரியில் கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. விழாமல் காப்பதற்கோ சட்டம் கண் திறக்கவில்லை. பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் வருஷத்துச் சட்டம், ஜில்லாவுக்கு 150 ஏழை முதியோர் தங்கும் இல்லமொன்றைப் பற்றிப் பேசுகிறது. தனியார் விடுதிகளைப் பதிவு செய்து தரம் விதிக்க 2019 டிசம்பரில் பார்லிமெண்டில் வந்த திருத்த மசோதா நிறைவேறாமலே 2024-இல் காலாவதியாயிற்று. அமெரிக்காவில் 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒவ்வொரு நோயாளிக்கும் எழுத்து மூலமான பராமரிப்புத் திட்டம் உண்டு. பரிசோதகரின் அறிக்கைகளும் பகிரங்கமாகின்றன. அங்கும் முதியோர் விழுகிறார்கள், ஆனால் "எத்தனை பேர் நிற்கவேண்டுமென்று எழுதியிருந்தது, எத்தனை பேர் நின்றார்கள்?" என்று கேட்க ஒருவர் வருகிறார்.

இங்கே அக்கேள்வியைக் கேட்பார் யார்? டில்லி மசோதாவுக்காகக் காத்திராமல் தமிழ்நாடு சர்க்கார் இரண்டு விதிகளையேனும் உடனே பிறப்பிக்கவேண்டும். கட்டில்தோறும் தலைமாட்டில் "ஒருவர்" அல்லது "இருவர்" என்று எழுதி மாட்டவேண்டும். விழுந்த சம்பவம் ஒவ்வொன்றும், அப்போது அருகிருந்தோர் தொகையுடன், குடும்பத்தார் பார்க்கத்தக்க பதிவேட்டில் ஏறவேண்டும். வார்டு தோறும் கட்சிக் கொடி நாட்டும் நமது ஊழியர்கள், தத்தம் வட்டாரத்து விடுதிகளுக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு முறை சென்று, கட்டிலருகே நிற்பவர்களை எண்ணிப் பார்த்து வரட்டும்.