ரிஷிமூலம் பார்க்கலாம்

"ரிஷிமூலம், நதிமூலம் பார்க்கக்கூடாது. கிளறினா நாறும்." இலங்கை மலையகத்தில் அட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று எந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் போனாலும், பூட்டன் பாட்டியைப் பற்றி விசாரிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் பதில் இதுதான். இதைப் பக்குவம் என்று மெச்சுகிறவர்கள் உண்டு. நான் கோழைத்தனம் என்கிறேன்.

இந்த விதியை நாமே மதிப்பதில்லை. ஒரு கல்யாணப் பேச்சு வரட்டும். இந்தியாவில் எந்த ஊர், எந்தக் கங்காணி கூட்டிவந்த ஆட்கள், அம்மாவைப் பெற்றவள் யார் வீட்டுப் பெண் என்று மூன்று தலைமுறையைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். சாதியைத் தேடும்போது நாறாத மூலம், உண்மையைத் தேடும்போது மட்டும் நாறுகிறதாம்!

அப்படி எதைத்தான் மறைக்கிறோம்? லயத்தில் ஒரு பெண்பிள்ளை பூனைக்கண்ணோடு, செம்பட்டை முடியோடு பிறக்கிறாள். பிரட்டுக்களத்தில் சாடை பேசுவார்கள். வீட்டில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஏதோ ஒரு தலைமுறையில் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்கு வேலைக்குப் போன ஒருத்தி இருந்திருப்பாள். பேர் பதிவதும், லயக் காம்பரா கொடுப்பதும், தோட்டத்தை விட்டு விரட்டுவதும் துரையின் கையில் இருந்த காலம் அது. அவளால் எப்படி 'முடியாது' என்று சொல்லியிருக்க முடியும்? இது அங்குமிங்கும் நடந்த ஒன்றிரண்டு சம்பவமும் அல்ல. இப்படிப் பிறந்த பிள்ளைகளை வளர்க்கவே நுவரெலியாவில் பெயின்டர் குடும்பத்தார் 1920களில் இல்லம் நடத்தினார்கள். ஓவியர் டேவிட் பெயின்டர் அந்தக் குடும்பத்தவர்தான். வடக்கே இந்தியாவின் கலிம்போங்கில் 1900இல் கிரகாம் பாதிரியார் தொடங்கிய இல்லமும் தேயிலைத் துரைமாரின் இத்தகைய பிள்ளைகளுக்கானதுதான். அங்கிருந்து சுமார் 130 பேரை நியூசிலாந்துக்கு அனுப்பினார்கள். போனவர்களில் பலர் தங்கள் பிறப்பைப் பற்றிப் பேசாமலே செத்தார்கள். அவர்களில் ஒருவரின் பேத்தியான ஜேன் மெக்கேப், கோப்புகளைப் புரட்டி அந்த வரலாற்றையே எழுதினார். மானம் எதுவும் போய்விடவில்லை. மானம் போகவேண்டியது பிள்ளையைப் பெற்றுக் கைவிட்டவனுக்கு. அவனுடைய வெட்கத்தை நம் பாட்டிமார் எதற்காகச் சுமக்கவேண்டும்?

இன்னொரு வீட்டில், ராவோடு ராவாகத் தோட்டத்தை விட்டு ஓடி, வேறு தோட்டத்தில் வேறு பெயரில் பதிந்துகொண்ட பூட்டனைப் பற்றிப் பேசக்கூடாது. திருடனோ, கொலைகாரனோ என்று பேரப்பிள்ளைகளுக்குப் பயம். ஆனால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்னறிவிப்பில்லாமல் வேலையை விட்டுப் போவதே அன்று சிறைக்குரிய குற்றம். போதாததற்குக் கங்காணியின் கடன். அந்தக் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, ஆளையே தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றினார்கள். 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. அப்படிப்பட்ட பிடியிலிருந்து தப்பியவரைப் பற்றிப் பெருமையாகவே பேசலாம்.

அண்ணன் தம்பிப் பகைக்கும் இதே கதிதான். "அவன் எங்களை விட்டுட்டு இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்துட்டுப் போயிட்டான்" என்ற மனத்தாங்கலைச் சாகும்வரை வைத்திருந்த வீடுகள் ஏராளம். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று சனங்கள் பெயர் வைத்தது சும்மா இல்லை. குற்றவாளி அண்ணன் அல்ல என்பது அந்தக் காலத்துக் காகிதங்களைப் பார்த்தால் தெரியும். பார்க்கத்தான் விடமாட்டோம் என்கிறோமே!

மூலம் பார்க்கக்கூடாது என்பவர்கள் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தையும் கொஞ்சம் படிக்கட்டும். இந்த மண்ணில் பிறந்தவனிடமே, உன் அப்பன் இங்கே பிறந்தானா, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, காட்டு பார்க்கலாம் என்றது அரசு. காட்டப் பத்திரமில்லாமல் சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். நம் மூலத்தை அரசு அன்றே பார்த்துவிட்டது, அதுவும் நம் உரிமையைப் பறிப்பதற்காக. நாம் மட்டும் பார்க்கக்கூடாதாம்.

உயிரோடு இருப்பவர் வேண்டாம் என்றால் அவர் கதையை ஊருக்குச் சொல்லக்கூடாதுதான். அது வேறு. அதைச் சாக்காக வைத்துச் செத்தவர்களையும் ஊமையாக்காதீர்கள். ட்ரங்குப் பெட்டியில் கிடக்கும் பிறப்புப் பத்திரம், பழைய பாஸ்போர்ட், இந்தியாவிலிருந்து வந்த கடிதம் எதையும் அடுப்பில் போடாதீர்கள். பாட்டி பேசத் தயாராக இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.