கூடம் கோணலா, நுனி கோணலா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தமிழ்ப்பள்ளியில் இந்தப் பழமொழியை மனனம் செய்து, தேர்வில் பொருளும் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவர்கள்தாம் நம்மில் பலர். ஆனால், வெள்ளிக்கிழமை இரவு கெலுகோர் வட்டாரத்தில் ஏதேனும் ஒரு ஸ்னூக்கர் மையத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். "மேசை சாய்வுடா", "துணி ஈரம்", "இந்தக் கோல் வளைஞ்சிருக்கு மச்சான்" என்ற புலம்பல்தான் காதில் விழும். நானும் அப்படிப் புலம்பியவன்தான்.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? சுவரில் சாய்த்து வைத்திருக்கும் கோல்களில் ஒன்றை எடுத்ததும் எல்லாரும் செய்வது ஒரே வேலை. மேசைமேல் அதை உருட்டிப் பார்ப்போம். நேராக உருண்டால் நல்ல கோல். ஆனால், அதன் நுனியை எவரும் பார்ப்பதில்லை. பந்தைத் தொடுவது கோல் அல்ல. நுனியில் ஒட்டியிருக்கும் சுண்டுவிரல் நகமளவுத் தோல்துண்டு மட்டும்தான். நாம் எல்லாரும் 'டிப்' என்று சொல்லும் அதைத்தான் இந்தக் கட்டுரையில் நுனி என்கிறேன். கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கும் நாள்களும் உண்டு. அந்நாள்களில் கோணல் பெரும்பாலும் அந்த நுனியில்தான் இருக்கிறது என்பது என் தாழ்மையான கருத்து.

நுனிக்கும் பந்துக்கும் உள்ள உறவு ஏறக்குறைய ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கிறது. அந்த நேரத்தில் தோல் வழுக்காமல் பந்தைப் பற்ற வேண்டும். ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர். நடுப்புள்ளியிலிருந்து சுமார் 13 மில்லிமீட்டர் வரை, அதாவது ஆரத்தில் பாதி வரை, தள்ளி அடிக்கலாம். அதைத் தாண்டினால் எவ்வளவு நல்ல நுனியும் வழுக்கிவிடும். நுனி தேய்ந்தோ தட்டையாகவோ இருந்தால் அந்த எல்லைக்கு வெகு முன்னரே 'டிக்' என்று வழுக்கும். அறை முழுவதும் திரும்பிப் பார்க்கும் அந்த ஓசையை அனுபவித்தவர்கள் அறிவர்.

தோல் நுனி இல்லாத காலத்தில் வெறும் மரத்தால்தான் பந்தை அடித்தார்கள். நடுவில் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சுவா மின்கோ என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி, பாரிசில் சிறையிருந்தபோது தோல் நுனியைச் செம்மைப்படுத்தினார் என்பர். பந்து சுழல்வதும், பின்னோக்கி ஓடி வருவதும் அதன் பிறகே சாத்தியமாயின. இன்னொரு செய்தி நமக்கு நெருக்கமானது. 1875இல் மத்திய இந்தியாவின் ஜபல்பூரில் ஆங்கிலேய இராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லேன் தொடங்கிவைத்த ஸ்னூக்கருக்கு, 1882இல் விதிகள் வரையப்பட்ட இடம் நீலகிரியின் ஊட்டி கிளப். தமிழ்நாட்டு மலையில் சட்டம் எழுதப்பட்ட ஆட்டம் இது! 'ஸ்னூக்கர்' என்பதோ அக்காலத்தில் இராணுவக் கல்லூரியின் முதலாமாண்டுக் கத்துக்குட்டிகளைக் கேலியாக அழைத்த பெயர். நம் முதலாமாண்டுத் தம்பி தங்கைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சரி, எந்த நுனியை வாங்குவது? கடையில் கேட்டால் விலை கூடியதைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். ஸ்னூக்கருக்கு 9 முதல் 10 மில்லிமீட்டர், பூலுக்கு 12 முதல் 13 மில்லிமீட்டர் அளவு, இதில் குழப்பமில்லை. மெதுவான தோல் பந்தை நன்றாகப் பற்றும், சாக்கையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் விரைவில் காளான்போல் ஓரம் விரிந்துவிடும். கடினமான தோல் வடிவம் கெடாது. ஆனால் சாக் போட மறந்தால் மன்னிக்காது. நீல நிற எல்க் மாஸ்டர் போன்ற ஒற்றைத்தோல் நுனி ஒரு நாசி கண்டார் காசுக்குள் அடங்கும். பல மெல்லிய தோல்களை அடுக்கி ஒட்டிய ஜப்பானிய கமுய் போன்றவை அதைப்போல் பல மடங்கு விலை. அடுக்கு நுனியின் சிறப்பு, பத்தும் ஒன்றுபோல் இருப்பது. ஒற்றைத்தோலில் ஒன்று பாறை, மற்றொன்று பஞ்சு. கமுய் பன்றித்தோலால் ஆனது என்பதால் எங்கள் விடுதியிலுள்ள மலாய் நண்பர் ஒருவர் ஒற்றைத்தோலைத்தான் தேடுவார். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. நாமாவது நண்பர்களுக்குச் சொல்லலாமே.

மாணவனுக்கு ஒற்றைத்தோலே போதும் என்பேன். நான்கைந்து வாங்கி, ஒவ்வொன்றையும் சிமெண்டுத் தரையில் போட்டு ஓசையைக் கேளுங்கள். 'டொக்' என்று மந்தமாக ஒலிப்பது மெது. 'டிங்' என்று துள்ளுவது கடினம். இரண்டுக்கும் நடுவில் உள்ளதை எடுங்கள். சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கும் நம் அம்மாக்களுக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. மெதுவான நுனியை வைஸில் இறுக்கி ஓரிரவு வைத்துக் கெட்டிப்படுத்துவோரும் உண்டு. அமெரிக்கப் பூல் ஆட்டக்காரர்கள் சிலர் அதைப் பாலில் ஊறவைத்து இறுக்குகிறார்கள்! நான் முயன்று பார்க்கவில்லை. விடுதி அறையில் கெட்ட பால் வாசம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

நுனி மாற்றுவதை எனக்குக் கற்றுத்தந்தவர் கெலுகோரில் இருக்கும் அண்ணன் ஒருவர். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர். பகலில் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. இரவில் வீட்டு ஐந்தடியில் ஒரு மேசைவிளக்கைப் போட்டுக்கொண்டு கோல் பழுது பார்ப்பார். முதன்முறை என் கோலைக் கொடுத்தபோது அவர் நுனியைப் பார்க்கவே இல்லை. அதற்குக் கீழே இருக்கும் பித்தளைப் பூணைத்தான் பார்த்தார். உலக்கைக்குப் பூண் போடுவதுபோல், மரம் பிளக்காமல் காப்பது அதுதான். "தம்பி, நுனி உக்கார்ற இடம் சமமா இல்லைன்னா மேல என்ன போட்டாலும் நிக்காது" என்றார்.

அவர் செய்முறை இதுதான். பழைய நுனியைப் பிளேடால் சீவி எடுக்கிறார். பூணின் தலையில் ஒட்டியிருக்கும் பழைய பசையை ஒரு துளிகூட விடாமல் சுரண்டுகிறார். மணல்தாளைச் சமமான கட்டையில் ஒட்டி, கோலைச் செங்குத்தாகப் பிடித்து மெல்லத் தேய்க்கிறார். இரும்பு அளவுகோலை அதன்மேல் வைத்து விளக்குக்கு எதிரே பிடித்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கிறார். தெரிந்தால் மறுபடியும் தேய்ப்பு. நுனியின் அடிப்பக்கத்தையும் தேய்த்துச் சொரசொரப்பாக்குகிறார். பிறகுதான் பசை, அதுவும் ஒரே துளி. வேதியியல் மாணவன் என்ற முறையில் இங்கே ஒரு வார்த்தை: சூப்பர் குளூ காய்ந்து இறுகுவதில்லை, காற்றிலும் பொருளிலும் உள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. பினாங்கின் ஈரக் காற்றில் நுனியை நடுவில் நிறுத்த நமக்குக் கிடைப்பது சில விநாடிகளே. தண்ணீர்போல் ஓடும் பசை தோலுக்குள் ஊறி அதைக் கல்லாக்கிவிடும் என்பதால் கூழ் வகைதான் நல்லது.

ஒட்டியபின் கோலைத் தலைகீழாக, நுனி பலகையில் படும்படி அழுத்திப் பிடித்து, பூணைத் தாண்டித் துருத்தும் தோலைப் புதிய பிளேடால் சுற்றிச் சீவுகிறார். பூணில் கீறல் விழக்கூடாது. அடுத்தது மேற்பக்கத்தைக் குவிக்கும் வேலை. அமெரிக்கர்கள் இதற்கு அவர்கள் நாட்டு நாணயங்களின் வளைவை அளவாகச் சொல்கிறார்கள். நமக்கு 2012இல் வந்த புதிய நாணயங்கள் போதும்: 5 சென் அவர்களின் 'டைம்' நாணயத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது; 20 சென் 'நிக்கல்' நாணயத்தைவிடச் சற்றே சிறியது. நுனியின் பக்கத்தில் 5 சென்னை வைத்துப் பார்த்து, வளைவு பொருந்தும்வரை தேய்க்கலாம். கடைசியாக, நுனியின் ஓரத்தை இலேசாக ஈரமாக்கி ஒரு பணத்தாளால் அழுத்தித் தேய்த்தால் பளபளப்பேறி, காளான் விரிவது தள்ளிப்போகும். ஒரு வெள்ளித் தாள் வழவழப்பான பாலிமர், அது உதவாது. பத்து வெள்ளித் தாள் வேண்டும். மாதக் கடைசியில் இது சிரமம்தான்.

இவ்வளவும் பார்த்துக் கற்ற பிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா? சென்ற ஆண்டு விடுதிகளுக்கிடையிலான போட்டிக்கு முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு, பழைய பசையைச் சரியாகச் சுரண்டாமல், "நிறைய போட்டால் நன்றாகப் பிடிக்கும்" என்ற நினைப்பில் மூன்று துளி பசை ஊற்றி ஒட்டினேன். தடித்த பசைப்படலம் கண்ணாடிபோல் நொறுங்கும் என்பதை ஆய்வுக்கூடத்தில் படித்தவன் நான். கடைசி ஆட்டத்தில், நீலப் பந்தை இழுத்து அடிக்கும்போது நுனி பறந்து பக்கத்து மேசையில் போய் விழுந்தது. பித்தளை நேரே வெள்ளைப் பந்தில் மோதியது. கூட ஆடிய மூவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புது நுனி படிந்து அமைய நான்கைந்து நாள் ஆட்டமாவது வேண்டும். போட்டிக்கு முதல் நாள் எவரும் நுனியைத் தொடாதீர்கள்.

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாக்கை நுனியில் வைத்துத் துளையிடுவதுபோல் திருகாமல், தூரிகையால் வண்ணம் பூசுவதுபோல் தடவுங்கள். மதிய வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் கோலைப் போட்டு வைக்காதீர்கள். மரமும் வளையும், பசையும் தளரும். தோலின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் மாற்றிவிடுங்கள்.

இனி, இந்தப் பக்கங்களில் இதை ஏன் எழுதுகிறேன் என்று சிலர் கேட்கலாம். மொழிக்கழகத்து ஆண்டிதழுக்கும் ஸ்னூக்கருக்கும் என்ன தொடர்பு என்று எங்கள் அறையிலேயே கேட்டார்கள். நம் சமூகத்தில் 'ஸ்னூக்கர்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்: உருப்படாதவன் போகும் இடம். நான்காம் படிவத்தில், பள்ளிச் சீருடையோடு அப்படி ஓர் இடத்தின் வாசலில் நின்றபோது அப்பாவிடம் அகப்பட்டேன். அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவர் அச்சம் வெறும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். என்னோடு தமிழ்ப்பள்ளியில் ஒரே மேசையில் உட்கார்ந்த இருவர் அப்படிப்பட்ட இடங்களில் சேர்ந்த கூட்டத்தோடு போய், இன்றுவரை திரும்பவில்லை. ஆனால், அவர்களைக் கெடுத்தது மேசையும் பந்தும் அல்ல; இடமும் சேர்க்கையும்தான். அந்த வேறுபாட்டை நாம் பேச மறுப்பதால், ஆட்டத்தில் உள்ள நல்லதையும் சேர்த்து வாசலிலேயே விட்டுவிடுகிறோம். 2017இல் சிங்கப்பூரில் நடந்த உலக மகளிர் இறுதியாட்டத்தில் வித்யா பிள்ளை 5-6 என்று ஹாங்காங்கின் இங் ஒன் ஈயிடம் மயிரிழையில் தோற்றார். 2025இல் சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் டோஹாவில் அதே இங் ஒன் ஈயை வென்று உலகப் பட்டம் பெற்றார். நம் கழகப் பெண்களில் எத்தனை பேர் ஒரு முறையாவது கோலைக் கையில் பிடித்திருப்பார்கள்? அவர்கள் வரத் தயங்கும் இடங்களாகவே நம் மையங்களை விட்டு வைத்திருக்கிறோம் என்பதை மறுப்பதற்கில்லை.

சென்ற விடுமுறையில் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து நுனி ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து நின்றார். கோலைக் கண்டதும் முகம் மாறியது, ஆனாலும் போகவில்லை. நான் தோலைச் சீவுவதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "பிளேடை அப்படி அழுத்தாதே" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டார். தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவ வேண்டும் என்று சிறுவயதில் அப்பாவின் கையைப் பிடித்துக் காட்டியிருக்கிறார். பூணில் ஒரு கீறல் இல்லாமல் அப்பா சீவி முடித்தார். ஐந்தடி அண்ணனுக்கே அவ்வளவு சுத்தமாக வராது. "இதுக்கு எவ்வளவு வாங்குறானுங்க?" என்று மட்டும் கேட்டார்.

நம் கழக விளையாட்டுப் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். சென்ற ஆண்டு கழகப் பணத்தில் இரண்டு கோல்கள் வாங்கினோம். இரண்டும் இப்போது நூலக மேசைக்கால்போல் தட்டை நுனியோடு அலமாரியில் நிற்கின்றன. இந்த ஆண்டு இன்னும் இரண்டு வாங்கலாம் என்று கூட்டத்தில் பேச்சு எழுந்திருக்கிறது. வேண்டாம். அந்தப் பணத்தில் பத்து நுனி, ஒரு குழாய் பசை, நல்ல அரம் ஒன்று வாங்கி, ஐந்தடி அண்ணனை ஒரு சனிக்கிழமை மாலை வளாகத்துக்கு அழைப்போம். உரிய கூலியும் கொடுப்போம். அவர் வரச் சம்மதித்துவிட்டார். "பல்கலைக்கழகத்துல எனக்கு என்ன வேலை" என்று முதலில் மறுத்தவர்தான்.

அலமாரியிலுள்ள இரண்டு கோல்களில் ஒன்றுக்கு நானே நுனி மாற்றிவிட்டேன். இம்முறை ஒரே துளி பசைதான். மற்றொன்றை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வருகிறவர்களில் யாராவது ஒருவர் அதை மாற்றலாம்.