ராத்திரியில் பீப் சத்தம்: அவனுக்குக் காசு, நமக்கு ஜெயிலா?



அறுப்பு முடிஞ்சு வயல் காலியாக் கிடக்கு. வெளியூர்க்காரர் ரெண்டு பேர் மெட்டல் டிடெக்டரோட வர்றாங்க. "அண்ணே, உங்க கொல்லையில பழங்காசு இருக்கு. ராத்திரி மட்டும் தோண்டிக்கிறோம். கிடைச்சா பாதி உங்களுக்கு" என்கிறாங்க. கடன் கழுத்தை நெரிக்கும்போது ஆசை வரத்தான் செய்யும். ஆனாலும் சம்மதிக்கக் கூடாது என்பதே நம் சங்கத்தின் கருத்து.

நம்ம மண்ணில் பழங்காசு இருப்பது பொய்யல்ல. 1898-ல் புதுக்கோட்டைச் சீமை கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. கரூர் அமராவதி ஆற்று மணலில் சேரர் காசுகள் கிடைத்துள்ளன. பொய் எது தெரியுமா? "இருபது அடி ஆழத்துல தங்கக் குடம் தெரியுது, பூசைச் செலவுக்குப் பணம் கொடுங்க" என்பதுதான். கையில் பிடிக்கிற மெஷின் ஒரு காசைக் காட்டுவது ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்துக்குத்தான். துருப்பிடிச்ச ஆணி, லாடம், கொழு உடைசலுக்கும் அது கத்தும். இரிடியம் கலசம் என்று ஊரை ஏமாத்தின கதைதான் இதுவும்.

சட்டம் என்ன சொல்லுது? 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் எடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறை. உடந்தையான நிலச் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, பங்கும் போச்சு. மெஷின்காரன் விடியுமுன் பஸ் ஏறிடுவான். பட்டாவில் பேர் இருக்கிற நாம எங்கே ஓடுவது?

அதே சட்டத்தில் நமக்கு உரிமையும் இருக்கு. புதையலுக்கு உரிமையாளர் இல்லை என்று கலெக்டர் அறிவித்தால், எடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலச் சொந்தக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதை எத்தனை ஊரில் தண்டோரா போட்டுச் சொன்னார்கள்? "சொன்னா நிலமே போயிடும்" என்ற பயத்தில்தான் ஜனங்க வாய் திறப்பதில்லை. அந்தப் பயம்தான் திருடனுக்கு மூலதனம்.

இன்னொன்று. பானை ஓட்டுக்கு மெஷின் கத்தாது. திருடன் அதை நொறுக்கிப் போட்டுட்டுப் போவான். கீழடியில் தமிழி எழுத்து இருந்தது அந்த ஓட்டில்தான்! விவசாயிகள் விட்டுக்கொடுத்த தோப்பிலும் வயலிலும், அடுக்கு அடுக்காகப் பார்த்துத் தோண்டியதால்தான் காலம் தெரிந்தது. 2023-ல் அங்கே அருங்காட்சியகமும் திறந்தார்கள்.

ஆகவே ராத்திரி மெஷினை ஊருக்குள் விடாதீர்கள். ஏர் முனையில் ஏதாவது தட்டுப்பட்டால் தோண்டுவதை நிறுத்தி, நாலு பேரைச் சாட்சி வைத்து, வி.ஏ.ஓ.விடமும் தாசில்தாரிடமும் எழுதிக் கொடுங்கள். நகல் கையில் இருக்கட்டும்.

அரசிடம் நாம் கேட்பது:

1. பொருளை எண்ணி, எடை போட்டு, அன்றைக்கே ரசீது கொடு!
2. சட்டப்படியான பங்கைக் காலக்கெடு வைத்துக் கொடு!
3. அகழாய்வுக்கு நிலம் எடுத்தால் பயிர் இழப்பீடு கொடு! மேல்மண்ணை மேலேயே போட்டுக் குழியை மூடு!

மண்ணைக் காப்பது நம் கடமை! பங்கைக் கேட்பது நம் உரிமை!