விதியும் மதியும்

விதியை மதியால் வெல்லலாம் என்பது நம்மவர் வழக்கு. அவ்வழக்கில் வரும் விதி ஊழைக் குறிப்பது. இத்திங்கள் நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் விதியோ மனிதர் எழுதி வைத்தது. படிவமாகவும் காலவரையறையாகவும் அலுவலகங்களில் விளங்குவது. சமூகப் பணியில் இவ்விதிக்கும், அதனைக் கையாள்வோரின் மதிக்கும் உள்ள உறவு யாது?

ஒரு காட்சியை மனக்கண்முன் கொணர்வோம். மும்பையின் பெரிய ரயில் நிலையம் ஒன்றில் சென்னை வண்டி வந்து நிற்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தனியே இறங்குகிறான். அவன் இந்தியும் அறியான், மராத்தியும் அறியான். ‘ஏன் வந்தாய்?’ என்று கேட்டால், ‘அம்மா திட்டினாள்’ என்ற ஒரே விடைதான் வருகிறது.

இத்தகைய சிறுவனை என்ன செய்வது என்பதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் வரையறுத்துள்ளது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அவனைக் குழந்தைகள் நலக் குழுவின்முன் நிறுத்த வேண்டும். அக்குழுவில் தலைவரும் நான்கு உறுப்பினரும் இருப்பர். அவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். சமூக ஆய்வு 15 நாட்களில் முடிய வேண்டும். முதன்முறை நிறுத்திய நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் இறுதி ஆணை பிறக்க வேண்டும். ஊர் வேறாயின், அவ்வூர் மாவட்டக் குழுவைக் கலந்தே அனுப்ப வேண்டும்.

இவை வெறும் எழுத்துகள் அல்ல. நாதியற்ற குழந்தைக்கு இவையே வேலி. 24 மணி நேரம் என்ற வரையறை இல்லையேல், அச்சிறுவன் எந்த மூலையில் எத்தனை நாள் கிடப்பானோ! அதிகாரியின் மனம் நல்லதாயின் நன்மை, அல்லதாயின் தீமை என்னும் நிலையிலிருந்து எளியோரைக் காப்பது விதியே ஆகும்.

ஆயினும் வேலி பயிரை வளர்ப்பதில்லை. ‘வீட்டை விட்டு வந்த காரணம்’ என்ற இடத்தில் ‘தாய் கடிந்தமை’ என்று எழுதி, ‘பெற்றோரிடம் சேர்க்கலாம்’ என்று பணியாளர் கையொப்பமிட்டால், அவர்மீது குற்றம் காண்பார் இலர். மற்றொரு பணியாளரோ ஒன்றைக் கவனிக்கிறார். தங்கையைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் முகமலர்ந்து பேசும் சிறுவன், வீட்டிலுள்ள ஓர் ஆணைப் பற்றிக் கேட்டவுடன் தலை கவிழ்ந்துகொள்கிறான். அவர் அன்று மேலும் கேட்கவில்லை. மறுநாள் வந்து அருகில் அமர்கிறார். அந்த மௌனத்தை எழுதுவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஆனால் சிறுவனின் வருங்காலம் அம்மௌனத்தில்தான் அடங்கியிருக்கிறது.

இங்ஙனம் காண்பது சட்டத்தை மீறுவதன்று. குழந்தையின் நலனே முதன்மை என்றும், அதன் கருத்தைக் கேட்க வேண்டும் என்றும், பெற்றோர் பேணத் தக்கவரா என்று தீர்மானிக்க வேண்டும் என்றும் அச்சட்டமே கூறுகிறது. தகுதியைத் தீர்மானிப்பது படிவமா? மனிதரின் மதியன்றோ!

இங்கிலாந்து நாடு இதனைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. 2000ஆம் ஆண்டில் எட்டு வயதுச் சிறுமி விக்டோரியா கிளிம்பி கொடுமைக்கு ஆளாகி இலண்டனில் உயிர் நீத்தாள். பல அலுவலகங்கள் அவளை அறிந்திருந்தும் காக்கத் தவறின. 2003இல் வெளிவந்த லேமிங் பிரபுவின் அறிக்கை 108 பரிந்துரைகளைக் கூறியது. அதன்பின் விதிகளும் படிவங்களும் பெருகின. 2011இல் பேராசிரியர் ஐலீன் மன்ரோ ஆராய்ந்தபோது, நோய் வேறு பக்கம் திரும்பியிருந்தது. நடைமுறையை நிறைவேற்றுவதே பணியாகி, குழந்தையோடும் குடும்பத்தோடும் செலவிட வேண்டிய பொழுது குறைந்துவிட்டது. மதி உறங்கியதால் முன்னே கேடு. மதியைக் கட்டியதால் பின்னே கேடு.

அப்படியாயின் மதி என்பது மனம்போன போக்கா? அன்று. நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதிச் செயற்படுக என்று வள்ளுவர் மருத்துவனுக்கு அறிவுறுத்தினார். அதுவும் ‘கற்றான்’ செய்ய வேண்டியது என்றார். பயின்று பெற்ற மதி தான் கண்டதை எழுதும், காரணம் காட்டும், மூத்தோரைக் கலக்கும், தவறெனத் தெரிந்தால் திருத்திக்கொள்ளும். காரணம் சொல்ல மறுப்பது மதியன்று, ஆணவம்.

அயலூரில் வாழும் நமக்கும் இதில் பங்குண்டு. தனித்துத் திரியும் குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணை அழையுங்கள். 1996இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாகத் தொடங்கிய உதவி அது. இன்று அரசின் பொறுப்பில் நடைபெறுகிறது. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்கு உதவ, மொழிபெயர்ப்பாளர் பெயர்ப் பட்டியலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தமிழும் அவ்வூர் மொழியும் நன்கறிந்த அன்பர்கள் அங்குத் தம் பெயரைத் தர முன்வரலாம்.

அவ்வாறு அழைக்கப்பெற்றால், குழந்தையின் சொல்லைச் சுருக்காதீர், அழகுபடுத்தாதீர். ‘பெற்றவர்க்கு இப்படித் தலைகுனிவு தேடலாமா?’ என்று அறிவுரை கூறாதீர். அது விடை கூறாமல் இருந்தால், ‘பேசவில்லை’ என்பதையும் உள்ளவாறே சொல்லுங்கள். விதி அச்சிறுவனைக் குழுவின்முன் கொண்டுவந்து நிறுத்தும். அவன் நெஞ்சில் உள்ளதைக் கேட்பதற்கு ஒரு மனிதர் வேண்டும்.