வாசல் கான்கிரீட்டும் மீதிப் பணமும்

புது வீட்டில் கேட்டிலிருந்து போர்டிகோ வரை கான்கிரீட் தளம் போடுகிறார்கள். சில வீடுகளில் மூணே மாசத்தில் அது மாவாய் உதிர்கிறது, மழை பெய்தால் தண்ணீர் தெருவுக்குப் போகாமல் நிலைப்படிக்கு வருகிறது. வீட்டுக்காரர் சத்தம் போட்டால் மேஸ்திரி வந்து சிமெண்ட் பால் ஊற்றி மெழுகிவிட்டுப் போவார். கொஞ்ச நாளில் அதுவும் அப்பளம் மாதிரி உரிந்து வரும்!

இந்த மெழுகல் வெறும் கண்துடைப்பு. (மேஸ்திரிக்கும் அது தெரியும்.) மாவாய் உதிரக் காரணம் பெரும்பாலும் கலவையில் அதிகமாய் ஊற்றின தண்ணீர், அப்புறம் தளம் போட்ட பிறகு ஊற்றாத தண்ணீர். ஐ.எஸ். 456 விதிப்படி சாதாரண சிமெண்டுக்கே குறைந்தது 7 நாள், வெயில் காலத்தில் 10 நாள் ஈரம் காயக்கூடாது. நடப்பதோ இரண்டு நாள் ஒரு குடம் தெளிப்பதோடு சரி. வாட்டம் தப்பியிருந்தால் இன்னும் மோசம், உடைத்துத்தான் போட வேண்டும். மயிரிழைக் கோடு மட்டும் என்றால் விட்டுவிடலாம்.

உடைக்கிற செலவு யாருடையது என்பதில்தான் சண்டையே. அன்று சாயங்காலமே முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, பிறகு போன் எடுக்கவில்லை என்று புலம்பி என்ன பண்ணுவது? அரசு வேலைகளில் கான்ட்ராக்டர் பில்லில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, குறை இல்லை என்று தெரிந்த பிறகே விடுவிப்பார்கள். வீட்டுக்காரரும் பத்தில் ஒரு பங்கை நிறுத்தி வைக்கலாமே? வேலை தொடங்கும் முன்பே பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பத்து நாள் கழித்து போர்டிகோ பக்கம் நாலு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்க்கட்டும். தெருவுக்கு ஓடினால் மீதிப் பணம். சித்தாள் கூலியை மட்டும் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், அவர்கள் மேல் தப்பில்லை.